பாலக்கோட்டுப் பக்கம் ஆர்.ஓ. மெஷின்: ஒன்றரை வருட அனுபவம்

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். போர் தண்ணீர்தான். பெரியவனுக்குப் பால்பல் விழுந்து முளைத்த பல்லிலேயே பழுப்புக் கோடு. என் பல்லிலும் உண்டு, எங்கள் அம்மாவுக்கும் உண்டு. சின்னவளுக்காவது வரக்கூடாது என்றுதான் 14,000 ரூபாய் கொடுத்து தண்ணீரைச் சுத்திகரிக்கும் இந்த ஆர்.ஓ. மெஷினை வாங்கினோம். பல்லைக் கறையாக்குவது போர் தண்ணீரில் இருக்கும் புளோரைடு. அது காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும்.

மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வாங்குவதற்கு முன் லேபில் கொடுத்துப் பார்த்தபோது லிட்டருக்கு 2.6 மில்லிகிராம் புளோரைடு இருந்தது. 1.5-ஐத் தாண்டவே கூடாது. மெஷின் தண்ணீரில் 0.2தான். பருப்பும் மூன்றாவது விசிலில் வெந்துவிடுகிறது. அதற்கு முன் எட்டு விசில் விடுவேன்.

ஆனால் கழிவுக் குழாயைப் பற்றிக் கடையில் யாருமே சொல்லவில்லை. ஒரு நாள் அதன் அடியில் குடம் வைத்துப் பார்த்தேன். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் வெளியே போகிறது. மெஷினுக்குள் தண்ணீரை வடிகட்டுகிற சவ்வான மெம்பிரேன் உப்பை அழிப்பதில்லை, ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுக்கிய உப்பும் புளோரைடும் அந்த மூன்று குடத்தில்தான் இருக்கின்றன. வீணாக்க மனசு வராமல் முருங்கைக்கு விட்டேன். நாலே மாதத்தில் இலை ஓரம் கருகி, மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது. இப்போது கக்கூஸுக்கும் தரை துடைக்கவும் மட்டும்தான். மாட்டுக்குக் காட்டுவதில்லை.

சென்னையில் இருக்கும் தம்பி வீட்டுக்கு நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரித்து அனுப்புகிற தண்ணீர் வருகிறது. அங்கேயும் இதே மெம்பிரேன் வேலைதான். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பதால் தள்ளுவதற்குப் பெரிய அழுத்தம் வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் கரண்ட் போகிறது. எடுத்த தண்ணீரில் பாதிக்கு மேல், ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்போடு கடலுக்கே திரும்புகிறது. சென்னைக்காக இப்படிப்பட்ட ஆலைகள் 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் வந்தன, ஒவ்வொன்றும் நாளைக்குப் பத்து கோடி லிட்டர். அந்தக் குழாய் முனையில் வாழும் மீன் குஞ்சுகளை நினைத்தால் என் முருங்கைதான் ஞாபகம் வருகிறது.

செலவு? பதின்மூன்று மாதத்தில் மெம்பிரேன் மாற்ற 2,800 ரூபாய், ஃபில்டருக்குத் தனியாக 1,200. கரண்ட் பெரிதாக ஏறவில்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் மெஷினை அணைத்துவிட்டு அதைத்தான் பிடித்து வைக்கிறேன். 2013-ல் அந்தத் திட்டம் வந்ததே இந்தப் புளோரைடுக்காகத்தான். உங்கள் குழாயில் அது ஒழுங்காக வந்தால் இந்த மெஷின் வேண்டாம். வராதவர்கள் வாங்கலாம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பக்கத்துத் தெரு அக்கா நேற்றுக் கேட்டபோதும், முதலில் ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்து லேபில் கொடுங்கள், அப்புறம் கடைக்குப் போகலாம் என்றேன்.