பாங்காக்கில் ஒரு படகு நூடுல்ஸ் கடை

விக்டரி மானுமென்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரையில் படகு நூடுல்ஸ் (முன்பு கால்வாய்ப் படகுகளில் விற்ற, இறைச்சி சேர்த்த நூடுல்ஸ் சூப்) கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் வழக்கமாகப் போவது அதில் ஒன்று. கிண்ணம் உள்ளங்கை அளவுதான். போன வாரம் என்னுடன் வந்த ஜெர்மன் நண்பர், "இது சாம்பிளா?" என்று கேட்டார். சூப் கெட்டியாக, கறுப்பாக இருப்பது பன்றி ரத்தம் சேர்ப்பதால் என்றதும் ஸ்பூனை வைத்துவிட்டார். ஆனால் அவரை அதைவிட உலுக்கியது மேஜை மேலிருந்த சர்க்கரைதான். நூடுல்ஸுக்குச் சர்க்கரையா! மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய்த்தூள், சர்க்கரை: கடைக்காரர் முக்கால்வாசி சமைத்துத் தருவார், மீதி நம் கையில். முதலில் சூப்பை ருசி பாருங்கள், அப்புறம் கலக்குங்கள். நண்பர் கடைசியில் என்னைவிட அதிகமாகவே சாப்பிட்டார். காலிக் கிண்ணங்களை அடுக்கி வையுங்கள், எண்ணித்தான் பில். மின்விசிறிக் காற்று மூலை மேஜைக்கு வராது, வியர்த்துக் கொட்டும். மாட்டிறைச்சி, பன்றி இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு இங்கே ஒன்றும் தேறாது. திரும்பும்போது நிலையத்தில் மாலை 6 மணி ஆகிவிட்டால் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நின்றுவிடுவார்கள், நீங்களும் நில்லுங்கள்.