ஷோபாவா மோனிஷாவா

ரெண்டு பேருமே டீன் ஏஜ்லயே சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கினவங்க, ரெண்டு பேருமே சீக்கிரம் போயிட்டாங்க, அதனால மனசு தானா ஒப்பிட ஆரம்பிச்சிடுது. மோனிஷா 1986ல வந்த 'நகக்ஷதங்கள்'ங்கிற மலையாளப் படத்துக்கு விருது வாங்கினப்போ 15, 16 வயசுதான். பரதநாட்டியம் தெரிஞ்சவங்க, அது அவங்க நிக்கிறதுல, கண்ணுலயே தெரியும், 'கமலதளம்' பார்த்தா புரியும். தமிழ்ல 1992ல 'உன்ன நெனச்சேன் பாட்டு படிச்சேன்' பண்ணாங்க, அதே வருஷம் டிசம்பர்ல கேரளாவுல சேர்த்தலை பக்கத்துல கார் விபத்துல இறந்துட்டாங்க, 21 வயசு.

ஷோபா கதை வேற. நடிக்கிறாங்கன்னே தோணாது. 'முள்ளும் மலரும்' வள்ளி அண்ணனுக்கும் காதலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறப்போ பெரிய வசனம் எதுவும் வேணாம், அந்த முகமே போதும், அப்புறம் 'பசி'ல குப்பை பொறுக்குற குப்பம்மாவா வர்றதும் அதே பொண்ணுதான்னு நம்பவே முடியல, அதுக்குத்தான் விருது. 1980 மே 1ல இறந்தப்போ வெறும் 17 வயசுங்க!

மோனிஷாவ ரொம்ப பிடிக்கும், ஆனா ஒருத்தர சொல்லுன்னா எனக்கு ஷோபாதான். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தா என்னென்ன பண்ணியிருப்பாங்கன்னு நினைக்காம வள்ளிய என்னால பார்க்கவே முடியல.