எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல்: காசு வாங்காத பொருளுக்கும் ஒரு விமர்சனம்

மிக்ஸிக்கும் பிரியாணிக் கடைக்கும் விமர்சனம் எழுத ஆள் இருக்கிறது. அரசுப் பள்ளியில் சும்மா கொடுக்கிற பயிற்சி நூலுக்கு எழுத யாரும் இல்லை. ராஜபாளையம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன், சாயங்காலம் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர். என் மகளும் இந்த நூலில் படித்தவள்தான். அதனால் தாய் என்ற முறையிலும், பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறவள் என்ற முறையிலும் சொல்லலாம் என்று தோன்றியது.

இது எதற்காக வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பு பெஞ்சையே பார்க்காத பிள்ளைகள் நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷம் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் எழுதப் படிக்க, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் 2025-க்குள் என்று இலக்கு வைத்தார்கள்.

நூலின் உயிர் மூன்று சொல்லில் இருக்கிறது: அரும்பு, மொட்டு, மலர். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்ப்பதில்லை, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு எழுத்துக் கூட்ட வரவில்லையா, அவன் அரும்பு. அவனுக்கு அந்த நிலைக்கான வேலை. பக்கத்தில் இருக்கிறவள் மலர் என்றால் அவளுக்குப் பத்தி வாசிப்பு. எங்கள் பள்ளி மாதிரி இரண்டே டீச்சர் உள்ள இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே அறையில்தான். அந்தச் சிக்கலையே வசதியாக மாற்றியது இந்த ஏற்பாடு. நான் படித்த காலத்தில் பாடம் எல்லாருக்கும் ஒரே பக்கம், புரிந்தவன் பிழைத்தான்.

வகுப்பறை மூலையில் கதைக்களம், பாடல் களம், பொம்மலாட்டக் களம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். என் மகளுக்குப் பொம்மலாட்டம்தான் உசுரு. குச்சியில் ஒட்டிய காகித நரியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். மறுநாள் திருப்பிக் கொடுக்க வைத்தேன்.

நூல் எங்கே நன்றாக வேலை செய்கிறது என்று ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். என் நாத்தனார் மகன். பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பு முடித்தான். "எழுத்தே வரல, இன்னொரு வருஷம் ஒண்ணாங்கிளாஸ்லயே இருக்கட்டும்" என்றார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதை யாரும் நாத்தனாருக்குச் சொல்லவில்லை. மறுபடி ஒரு வருஷ ஃபீஸ், மறுபடி அதே புத்தகம், அதே பாட்டு. எழுத்து மட்டும் வரவே இல்லை. அப்புறம் எங்கள் பள்ளிக்கு மாற்றினாள்.

சாயங்காலம் என்னிடம் வந்தான். புத்தகத்தை விரித்தால் கடகடவென்று வாசிக்கிறான். நானும் பரவாயில்லையே என்று பார்த்தால், விரல் ஒரு சொல்லில் நிற்கிறது, வாய் அடுத்த வரியில் போகிறது. படத்தை உள்ளங்கையால் மறைத்தேன். நின்றுவிட்டான். 'கொக்கு' என்று எழுதியிருந்தது. 'கெ' என்றான், கொஞ்சம் யோசித்து 'கா' என்றான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே எழுத்து என்பது அவனுக்கு யாரும் சொல்லாத செய்தி. முன்னால் கொம்பு, நடுவில் எழுத்து, பின்னால் கால் என்று மூன்று துண்டாக அவன் கண்ணில் படுகிறது. இந்தப் பையனை ஒன்றாம் வகுப்பில் இன்னும் எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் அதே பக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்திருப்பான். அரும்பு நிலையில் சேர்த்த பிறகு எழுத்து அட்டையை வைத்துப் பிரித்துச் சேர்க்கச் சொன்னோம்: கெ, கே, கொ, கோ. பள்ளியில் டீச்சர், சாயங்காலம் நான். பொங்கலுக்கு முன்னால் படம் இல்லாத சொற்களையும் எழுத்துக் கூட்டி வாசித்தான். வேகம் குறைவுதான், ஆனால் விரலும் வாயும் ஒரே இடத்தில் இருந்தன.

இனி குறைகள். முதல் குறை செயலி. பாடத்தின் நடுவே வைக்கிற வளரறி, பருவ முடிவில் வைக்கிற தொகுத்தறி என்று மதிப்பீடு எல்லாம் செல்போனில் ஏற்ற வேண்டும். எங்கள் ஊரில் டவர் கிடைப்பது பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் மட்டும். டீச்சர் அங்கே நிற்கிற நேரத்தில் உள்ளே அரும்புப் பிள்ளை சும்மா இருக்கிறான். யாருக்கு உதவி தேவை என்று கண்டுபிடிக்கிற வேலையே உதவி செய்கிற நேரத்தைத் தின்கிறது.

இன்னொன்று, பக்கங்கள் அதிகம். முடிக்க வேண்டும் என்கிற அவசரத்தில் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து நிரப்பிவிடுகிறது. டிக் விழுந்துவிடும். பெற்றோர் நூலைப் புரட்டிப் பார்த்து 'எல்லாம் எழுதியிருக்கானே' என்று நம்பிவிடுகிறார்கள். அவன் எந்த நிலை என்று தாய்க்குத் தெளிவாகச் சொல்கிற தாள் ஒன்று வீட்டுக்கு வந்தால் நன்றாக இருக்கும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அரும்பு என்றால் என்னவென்றே தெரியாது.

தெருவில் பேச்சு எப்போதும் பாஸ், பெயிலில்தான் போய் முடியும். "பெயில் போட்டாத்தாம்மா பயம் வரும்" என்பார் எதிர்வீட்டு மாமா. மத்திய அரசும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறது. 2019-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, 2024 டிசம்பரில் விதியும் போட்டார்கள்: ஐந்திலும் எட்டிலும் தேர்வு, தவறினால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தவறினால் அதே வகுப்பு. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டு வரை நிறுத்தக் கூடாது என்றே சொல்கிறது. இங்கேயும் 2019-இல் ஐந்து, எட்டுக்குப் பொதுத்தேர்வு என்று உத்தரவு போட்டு, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். அந்தச் சில மாதத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் தேடி அலைந்த தாய்மாரை எனக்குத் தெரியும்.

மாமாவிடம் நான் கேட்பது ஒன்றுதான். 'கொ' தெரியாதது ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்துபோகிற விஷயம். அதை ஐந்தாம் வகுப்பு வரை விட்டுவிட்டு, கடைசியில் இரண்டு மாதத்தில் யார் சரி செய்வது? ஆனால் எல்லாரும் பாஸ் என்பதோடு நிறுத்திக்கொண்டாலும் அதே கதைதான், பையன் 'கொ' தெரியாமலே ஆறாம் வகுப்புக்குப் போவான். அப்படிப் போனவர்கள் இருப்பதால்தானே 2025-இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குத் 'திறன்' என்று இன்னொரு திட்டம் தேவைப்பட்டது. அரும்பில் இருப்பவனுக்குத் தினமும் அரைமணி நேரம் ஆள் உட்கார்ந்தால் பெயில் பேச்சே வேண்டாம். நூல் அதற்கு வழி காட்டுகிறது, ஆளைத்தான் காணோம். இரண்டு டீச்சரில் ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில் வந்து பார்த்தால் தெரியும்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நூலுக்கு நாலு, நடத்துகிற விதத்துக்கு மூன்று. தனியார் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கும் எழுத்து தடுமாறினால் இதை வாங்க அலைய வேண்டாம், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் தளத்தில் பிடிஎஃப் கிடைக்கும். முழுவதையும் அச்சடிக்காதீர்கள், காசு வீண். தமிழில் அரும்புப் பகுதியை மட்டும் கருப்பு வெள்ளையில் எடுத்தால் போதும். படத்தின் மேல் கை வைத்து மறைத்துக்கொண்டு கேளுங்கள்.