இறகு வழிப் பாலினச் சோதனை: குஞ்சு வளர்ப்போருக்கான மதிப்பீடு

வீட்டில் கோழி வளர்ப்போருக்கென அஞ்சல் வழி நடத்தப்படும் மரபணுப் பாலினச் சோதனையில், குஞ்சின் மார்பிலிருந்து வேரோடு பிடுங்கிய சில இறகுகளை, அவற்றின் அடிப்பகுதியை விரலால் தொடாமல், உறையிலிட்டு அனுப்ப வேண்டும். சோதனைக்குத் தேவையான உயிரணுக்கள் அந்த வேரில்தான் உள்ளன என்பதால், தரையில் உதிர்ந்து கிடப்பவற்றைப் பொறுக்கி அனுப்புவதில் பயனில்லை. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்களும், பெட்டைக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் இருப்பதால், முடிவில் ஊகத்துக்கு இடமில்லை. இச்சேவையின் பெருமையும் அதுவே.

உடன் வந்த கையேட்டைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. சிறகிறகின் நீளத்தைக் கொண்டே எந்தக் குஞ்சையும் பிரித்துவிடலாம் என்று அது கூறுகிறது; உண்மையில், இறகு மெதுவாக முளைக்கும் பண்பைத் தாய்வழியில் பெறும்படி திட்டமிட்டுக் கலந்த குஞ்சுகளில், அதுவும் பொரித்த ஓரிரு நாளுக்குள் மட்டுமே, அம்முறை செல்லும். ஒரே நிறக் குஞ்சுகள் பல இருந்தால் காலில் எண் வளையம் மாட்டிய பிறகே இறகெடுக்க வேண்டும் என்ற இன்றியமையாத குறிப்போ அதில் இல்லவே இல்லை. வளையம் இல்லையெனில், எவ்வளவு துல்லியமான முடிவு வந்தாலும் அது எந்தக் குஞ்சுக்கு உரியது என்பது விளங்காது.

பல இனங்களில் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் சேவற்குஞ்சின் கொண்டை சிவந்து பருக்கத் தொடங்கிவிடும். ஆகவே, அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கே, அதாவது சேவல் வளர்க்க அனுமதியில்லாத இடத்தில் இருப்போருக்கே, இச்சோதனையைப் பரிந்துரைப்பேன்.