பொம்மை வீடு அருமை, கதவை மட்டும் நாமே செய்ய வேண்டும்

திருப்பூரில் இருக்கும் தோழி ஒருத்தி கேட்டாள்: "நீ வாங்கினியே அந்தப் பொம்மை வீட்டுக் கிட், இப்ப விலை பாதியாக் குறைஞ்சிருக்குது. எம் பொண்ணுக்கு வாங்கட்டுமா?" வாங்கு, வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. வாங்கி ஒட்டி, மகள் விளையாடி, ஒரு ஐப்பசி மழையும் பார்த்துவிட்ட வீடு அது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

லேசரில் வெட்டிய 3 மி.மீ. ப்ளைவுட், 1:12 அளவு. நிஜ வீட்டின் ஓர் அடி இதில் ஓர் அங்குலம். மற்ற விவரமெல்லாம் பெட்டி மேலேயே இருக்கிறது.

நல்லதைக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெட்டு அவ்வளவு சுத்தம். சுவரின் பல் தரையின் காடியில் உப்புத்தாள் போடாமலே போய் உட்கார்ந்தது. மாடிப்படி ஒவ்வொன்றும் ஒரே உயரம். மகள் வீட்டின் மேல் கையூன்றி எழுந்திருக்கிறாள், கூரை அசையவில்லை. கோயமுத்தூரில் மழை மாதத்தில் எங்கள் வீட்டு அலமாரிக் கதவே உப்பிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது, இந்த வீட்டில் ஒரு மூட்டுகூட விடவில்லை. ஜன்னல் சட்டங்களின் மெல்லிய குறுக்குக் கம்பிகள் ஒன்றும் உடையவில்லை. இந்த விலைக்கு இப்படி ஒரு மர வேலையை நான் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் அந்தக் கதவு.

பெட்டியில் கதவுப் பலகை இருக்கிறது. ஆறு கட்டங்கள் போட்டு, கைப்பிடிக்கு ஒரு மணி கொடுத்து, அழகாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் கையேட்டைப் பார்த்தால், கதவை வேண்டிய கோணத்தில் வைத்து நிலவோடு, அதாவது கதவைச் சுற்றியுள்ள மரச் சட்டத்தோடு, ஒட்டிவிடச் சொல்கிறது! திறந்து வைத்து ஒட்டினால் என்றைக்கும் திறந்த வீடு, சாத்தி ஒட்டினால் என்றைக்கும் பூட்டிய வீடு. திறந்து மூடியே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு துணி நாடா வைத்திருக்கிறார்கள். அதை ஒட்டினால் கொஞ்ச நாளில் கதவு தொங்கிப்போய் வாசப்படியில் உரசுகிறது.

மகள் அந்தக் கதவின் முன்னால் பொம்மையை நிறுத்தி, விரல் நகத்தால் ஓரத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு பொம்மையைப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டு போய் சமையலறையில் வைத்தாள். விருந்தாளி பொம்மைகளும் அதே வழியாகத்தான் வந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. வீடு என்றால் குழந்தை முதலில் கை வைப்பது கதவில்தான். இங்கிலாந்து அரசி மேரிக்காக 1921 முதல் 1924 வரை கட்டிய பொம்மை வீடும் இதே 1:12 அளவுதான். புது தில்லியைக் கட்டிய லட்யன்ஸ் வடிவமைத்தது. அதில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், லிஃப்ட் மேலே ஏறும். அந்தச் செலவை யாரும் கேட்கவில்லை. ஒரு கதவு திறக்க வேண்டாமா?

கடையில் கிடைக்கும் குட்டிப் பித்தளைக் கீல் இதற்கு ஆகாது. கூடவே வரும் ஆணி 4 மி.மீ. நீளம், பலகை 3 மி.மீ. கனம். அடித்தால் மறுபக்கம் முனை எட்டிப் பார்க்கும், ஓரத்தில் அடித்தால் ப்ளைவுட் பிளந்துகொள்ளும். சூப்பர் க்ளூவில் ஒட்டினாலோ, நீர் போன்ற அந்தப் பசை கீலின் மூட்டுக்குள் ஓடிப்போய்க் கீலே இறுகிவிடும். மூட்டில் முன்கூட்டியே வாசலின் தடவித் தப்பிக்கலாம். ஆனால் அவ்வளவு பாடுபட்டுப் போட்ட கீலும் குழந்தை இழுக்கிற இழுப்பில் பெயர்ந்துதான் வரும்.

இதற்கு வழி சொன்னவர் பொள்ளாச்சிப் பக்கம் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் ஓட்டு வேலைக்கு வந்திருந்த வயதான ஆசாரி. கதவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குங்க அம்மிணி கீலு? உங்க ஆசாரத்துக் கதவைப் போய்ப் பாருங்க. ஒரு கீலாவது இருக்குதுங்களா? குடுமி வெச்சு உடுங்க, போதும்" என்றார்.

ஆசாரம் என்றால் வீட்டின் முன்கூடம். போய்ப் பார்த்தேன். இரட்டைப் பலகைக் கதவு, இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம். மேலும் கீழும் மூலையில் பலகையோடு சேர்ந்த மரக் குடுமி, அது நிலவின் குழியில் உட்கார்ந்து சுழல்கிறது. ஆணி, திருகாணி எதுவும் கிடையாது. கதவின் எடை முழுவதையும் கீழ்க் குழி தாங்குகிறது, மேல் குழி சாயாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பொம்மை வீட்டுக்கும் இதே கணக்கு. மரத்துக்குப் பதில் 1 மி.மீ. பித்தளைக் கம்பி. சைக்கிள் கம்பி கையில் கிடைக்கும், ஆனால் அது 2 மி.மீ. மூன்று மி.மீ. பலகைக்குள் அதைச் செருகினால் இருபுறமும் அரை மி.மீ. மரம்தான் மிஞ்சும், பிளந்துவிடும்.

செய்ய நினைப்பவர்கள் முன் சுவரை ஒட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். நிலவின் மேல் கட்டை, கீழ்க் கட்டை இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரம் பிசகாமல் கிளிப் போட்டு இறுக்கி, ஒரே ஓட்டையாக இரண்டிலும் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் அரை மி.மீ. விலகினாலும் கதவு சாய்ந்து நிற்கும். கீழ்க் கட்டையில் ஓட்டை மறுபக்கம் வராமல் 2 மி.மீ. ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மேல் கட்டையில் மறுபக்கம் வரைக்கும் போக வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கதவின் ஓரத்தில் ஓட்டை போடுவதுதான் நிதானம் கேட்கும் வேலை. கதவை இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, ஊசியால் ஒரு புள்ளி குத்தி, பின் வைஸில் (துளை போடும் பிட்டைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கைக்கருவி) மாட்டிய 1 மி.மீ. பிட்டைக் கையாலேயே திருக வேண்டும். மிஷினில் போட்டால் பிட் மரத்தின் நார் போகிற போக்கில் ஓடி, பலகையின் முகத்தில் வெளியே வரும். பின் வைஸ் நம் ஊரில் ஹார்டுவேர் கடையில் கேட்டால் கிடைக்கும், பெரிய விலை இல்லை.

புள்ளி எங்கே என்பதில்தான் சூட்சுமம். ஓரத்திலிருந்து 1.5 மி.மீ. உள்ளே, கனத்துக்கும் சரி நடுவே. அப்படி வைத்துவிட்டு, குடுமிப் பக்க ஓரத்தை உப்புத்தாளால் முழு அரைவட்டமாக உருட்டிவிட வேண்டும். சதுரமாகவே விட்டால் என்ன ஆகும்? குடுமியிலிருந்து நேர் ஓரம் 1.5 மி.மீ., மூலையோ 2.1 மி.மீ. கதவு திரும்பும்போது அந்த அரை மி.மீ. சொச்சம் நிலவில் முட்டும். உருட்டிய ஓரம் எந்தக் கோணத்திலும் 1.5 மி.மீ. தாண்டாது, ஒரு போஸ்ட் கார்டு நுழையும் இடைவெளி போதும். பெயின்ட்டின் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், நிலவிலும் கதவிலும் இரண்டு கோட்டிங் ஏறினால் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். கதவின் இரண்டு முகத்துக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மெல்லிய ப்ளைவுட் வளைந்துவிடும்.

கீழ்க் குடுமியில் ஒரு சின்னப் பாசிமணியைக் கோத்துவிட்டு, அதன் கனத்துக்குக் கதவின் அடியைத் தேய்த்துக்கொண்டால், கதவு வாசப்படியைத் தொடாமல் மணியின் மேல் சுழலும். பிறகு கதவை நிலவுக்குள் நிறுத்தி, மேல் கட்டையின் ஓட்டை வழியாகக் கம்பியை மேலிருந்து இறக்க வேண்டும். பசை வேண்டாம். கம்பியை உருவினால் கதவு கையோடு வந்துவிடும்.

அப்படி உருவ வேண்டிய அவசியம் எங்களுக்கு ஐப்பசியில் வந்தது. அக்ரிலிக் பெயின்ட் ஈரக் காற்றில் லேசாகப் பிசுபிசுத்து, சாத்தி வைத்த கதவு நிலவோடு ஒட்டிக்கொண்டது. கம்பியை உருவி, கதவை எடுத்து, ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மறுபடி மாட்டினேன். இப்போது வரைக்கும் ஒட்டவில்லை.

நான் எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் இதில் உண்டு. இந்தக் கதவு நிறுத்திய இடத்தில் நிற்கிறது. பாதி திறந்தால் பாதியில் நிற்கும். மேசை சாய்ந்திருந்தால் மட்டும் தானாக நகரும், வீட்டின் ஒரு மூலைக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டு வைத்தால் சரியாகிவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக வந்தால் கதவு மெல்ல உள்ளே போய்த் திரும்பி வரும். அதைப் பார்த்துவிட்டு மகள், "அம்மா, வீட்டுக்கு யாரோ வந்துட்டாங்க" என்று ஓடுவாள். பொம்மைகள் இப்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகின்றன. உள்ளே இருக்கும் பொம்மை "யாருங்க?" என்று கேட்காமல் திறப்பதில்லை. கட்டில், நாற்காலி, அடுப்பு எல்லாம் ஒரு மூலையில் கிடக்கின்றன, விளையாட்டு முழுக்க வாசலில்தான்.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கலாம். ஒட்டிய கதவு உடையாது, யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், முதல் தடவை செய்கிறவர்களுக்கும் கஷ்டமில்லை. ஆனால் அவர்களிடம் லேசர் இருக்கிறது. நான் கையால் திருகிய மேல் ஓட்டையையும் கீழ் ஓட்டையையும் அந்த மிஷின் இமைக்கிற நேரத்தில் போட்டிருக்கும், அதுவும் ஒரு மயிரிழை பிசகாமல். விரல் நீளம் பித்தளைக் கம்பியும் ஒரு பாசிமணியும் பெட்டியில் போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? படிக்கட்டில் அவ்வளவு அக்கறை காட்டியவர்கள் வாசலில் கைவிட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகவே தோழிக்கு என் பதில்: மரம் நல்ல மரம், வெட்டு நல்ல வெட்டு, எங்கள் வீட்டை யார் கேட்டாலும் நான் தர மாட்டேன். ஆனாலும் வாங்காதே. விலை பாதியல்ல, கால்வாசிக்கு வந்தாலும் வேண்டாம். கதவை ஒட்டச் சொல்லிக் கையேடு போடுகிறவர்களுக்கு இன்னொரு ஆர்டர் போவதில் எனக்கு இஷ்டமில்லை. பிள்ளை கேட்டு அழுகிறாள் என்றால், கையேட்டில் கதவுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, ஒரு பின் வைஸோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. கம்பி என்னிடம் மிச்சம் இருக்கிறது.