கல்லூரி நூலகமா, கோட்டூர்புரமா, எழும்பூரா? சென்னைக்குப் படிக்க வந்தவர்களுக்கு

அக்கா மகள் திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்கு எம்.ஏ. வரலாறு படிக்க வந்தாள். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நான்கு பேர். வந்த மூன்றாவது வாரமே போன். "மாமா, ஒருத்தி வீடியோ கால் பேசுறா, இன்னொருத்தி எட்டு மணிக்கே லைட்டை அணைக்கச் சொல்றா. எங்க போய்ப் படிக்கிறது?"

அண்ணா நூலகம் போ என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இந்த ஊரில் நானும் இப்படித் தவித்தவன். அதனால் கிடைத்த சனி, ஞாயிறுகளில் அவளோடு நானும் கிளம்பினேன். இரண்டு மாதத்தில் நான்கு இடங்களைப் பார்த்தோம்: அவளுடைய கல்லூரி நூலகம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா பொது நூலகம், அப்புறம் அண்ணா நகர் பக்கம் மாதக் கட்டணத்துக்கு நாற்காலி தரும் தனியார் ஸ்டடி ஹால். படிக்கிற பிள்ளைக்கு உட்கார இடம் வேண்டும், எடுத்துப் புரட்டப் புத்தகம் வேண்டும், தெரியாததைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். மூன்றையும் சேர்த்துத் தரும் இடம் இருக்கிறதா என்றுதான் தேடினோம்.

உட்கார இடம்

இதில் கோட்டூர்புரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த கட்டடம். எட்டு ஏக்கர் வளாகம், 12 லட்சம் புத்தகங்கள் வைக்கும் அளவுக்கு அடுக்கு மாடிகள். உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. நீங்கள் எந்தக் கல்லூரி, என்ன படிக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அக்கா மகளுக்குப் போக்குவரத்துச் செலவும் மிச்சம்.

புதிதாகப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். சொந்தப் புத்தகம், நோட்டு எடுத்துப் போய்ப் படிக்கத் தரைத்தளத்தில் தனிக்கூடம் உண்டு. மேல் தளங்களில் அங்கே இருக்கும் புத்தகங்களைத்தான் படிக்க வேண்டும். எனவே பாடநூலைப் பையில் வைத்துக்கொண்டு நேராக லிஃப்ட் ஏறினால் திரும்பி வர வேண்டியதுதான். தரைத்தளக் கூடத்தில் பாதிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். குரூப் தேர்வு நெருங்கும் மாதங்களில் காலையிலேயே போகாவிட்டால் இடம் பிடிப்பது சிரமம். அதே தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவும் இருக்கிறது. பல கல்லூரிகள் யோசிக்காத ஒன்றைத் தரைத்தளத்திலேயே, படி ஏற வேண்டாதபடி வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது.

2011 நவம்பரில் இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. உயர் நீதிமன்றம் தடுத்தது. இன்று அந்தக் கூடத்தில் குனிந்த தலைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தடை உத்தரவு எனக்கு நினைவுக்கு வரும். (தெற்கே இருப்பவர்களுக்கு மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் வந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இதற்காகச் சென்னைக்கு வர வேண்டியதில்லை.)

தனியார் ஸ்டடி ஹாலும் உட்கார இடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும். நாங்கள் விசாரித்த இடத்தில் மாதம் 1,500 ரூபாய். தடுப்பு வைத்த மேஜை, ஏசி, சார்ஜ் போட பிளக், வைஃபை, இரவு பதினொன்று வரை திறப்பு. வீட்டில் இடமில்லாத, வேலைக்குப் போய்விட்டு வந்து தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அது வரம். ஆனால் சுவரில் ஒரு புத்தக அலமாரி கூட இல்லை. அக்கா மகளின் ஹாஸ்டல் கேட் எட்டு மணிக்கு மூடிவிடும். பிறகு இரவு பதினொன்று வரை திறந்திருந்து அவளுக்கு என்ன பயன்? பெண் பிள்ளைகளுக்கு நூலக நேரத்தை ஹாஸ்டல் கேட்தான் தீர்மானிக்கிறது. நேரத்தை ஒப்பிடும்போது நூலகம் மூடும் நேரத்தைப் பார்க்காதீர்கள். அங்கிருந்து கிளம்பி நீங்கள் அறைக்குப் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். கோட்டூர்புரத்தில் அவளால் வார நாளில் ஒன்றரை மணி நேரம்தான் உட்கார முடிந்தது. கல்லூரி நூலகத்தில் வகுப்பு முடிந்த கையோடு இரண்டரை மணி நேரம்.

புத்தகம்

இங்கே கணக்கு மாறுகிறது. பாடநூல்கள், போன வருடக் கேள்வித்தாள்கள், சீனியர்கள் செய்த ப்ராஜெக்ட் அறிக்கைகள், இதெல்லாம் கல்லூரி நூலகத்தில்தான். செமஸ்டர் முழுக்க ஒரே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ள 'புக் பேங்க்' என்று பல கல்லூரிகளில் ஏற்பாடு இருக்கும். முதல் வாரத்திலேயே போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். அதுவே பலருக்குத் தெரியாது. விலையுயர்ந்த புத்தகத்துக்கு ஜெராக்ஸ் எடுத்துச் செலவழித்த பிறகு தெரிந்துகொள்வார்கள்.

கோட்டூர்புரத்தில் வரலாற்றுக்கென்று ஏழாவது தளத்தில் போய் நின்றாள். இரண்டு அடுக்கு நடந்துவிட்டு "மாமா, சிலபஸ்ல பேர் மட்டும் பார்த்த புத்தகமெல்லாம் இங்க நிஜமா இருக்கு" என்று மெசேஜ் அனுப்பினாள். அலமாரிக்குள் நாமே கைவிட்டு எடுத்துப் பார்க்கிற சுகம் தனி. நான் படித்த கல்லூரியில் எல்லாம் கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடக்கும். சீட்டு எழுதிக் கொடுத்து, அட்டெண்டர் வந்து, சாவி தேடி, எடுத்துத் தந்தால் நாம் நினைத்த புத்தகமாக அது இருக்காது. மூன்று வருடத்தில் நான் எடுத்தது மொத்தம் ஒன்பது புத்தகம். இன்றும் எனக்கு அது ஆறாத வருத்தம்.

கன்னிமாரா வேறு வகை. 1896-இல் திறந்தது. நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படி சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கல்கத்தா, மும்பை, டெல்லி, அப்புறம் நம் எழும்பூர். எனவே சந்தையில் கிடைக்காத, மறுபதிப்பே வராத தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் முதலில் தேட வேண்டிய இடம் இது. உறுப்பினரானால் வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் ரொம்பப் பழையவற்றைக் கேட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். பேர், ஆசிரியர், வருடம் மூன்றும் குறித்துக்கொண்டு போனால் பாதி நாள் மிச்சம். சும்மா உட்கார்ந்து செமஸ்டருக்குப் படிக்க எழும்பூர் வரை போக வேண்டியதில்லை.

ஆய்விதழ்கள் இன்னொரு தனிக்கதை. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். அரசு நடத்தும் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு இது பெரிய வாசல். ஒரு கட்டுரையைப் படிக்க முப்பது, நாற்பது டாலர் கேட்ட தளங்கள் இப்போது அவர்களுக்குத் திறந்திருக்கின்றன. அக்கா மகள் படிப்பது அரசு உதவி பெறும் கல்லூரி. அவளுக்கு அதற்குப் பதில் 'என்-லிஸ்ட்' ஐடி கிடைத்தது. கல்லூரிகளுக்கு ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் இணையத்தில் தரும் திட்டம் அது, உயர்கல்வி நூலகங்களுக்கான 'இன்ஃப்ளிப்நெட்' மையம் நடத்துவது. கல்லூரி நூலகரிடம் கேட்டால்தான் அந்த ஐடி கிடைக்கும். கோட்டூர்புரத்திலும் கிடைக்காது, 1,500 ரூபாய் ஹாலிலும் கிடைக்காது. ஹாஸ்டல் அறையில், போனிலேயே இரவு கட்டுரை படிக்கலாம். அவள் வகுப்பில் இருபத்திரண்டு பேர். கேட்டு வாங்கியவர்கள் மூன்றே பேர்.

ஆளே தேவையில்லாத இலவச வழிகளும் உண்டு. பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா', பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம். மூன்றையும் போனில் புக்மார்க் செய்து வைத்துவிடுங்கள்.

கேட்க ஓர் ஆள்

நான் இவ்வளவு எழுதுவதே இதற்காகத்தான்.

அக்கா மகளின் ஆய்வுத் தலைப்பு, திருவண்ணாமலைப் பக்கத்து ஏரிகள். நூறு வருடத்துக்கு முன் அவற்றை யார் பராமரித்தார்கள், மராமத்து எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். பழைய மாவட்ட கெஸட்டியரில், அதாவது ஒரு மாவட்டத்தின் விவரங்களைத் தொகுத்து அரசு வெளியிட்ட நூலில், இருக்கும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டம் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1989-இல்தான் தனி மாவட்டம் ஆனது. எனவே அவள் வட ஆற்காடு என்று போட்டுத் தேடினாள். இரண்டு சனிக்கிழமை தேடினாள். வேலூர் வருகிறது, ஆரணி வருகிறது, திருவண்ணாமலை மட்டும் இல்லவே இல்லை. நானும் கூட உட்கார்ந்து புரட்டினேன். எனக்கும் புரியவில்லை. தலைப்பையே மாற்றிவிடலாமா என்று கேட்கும் அளவுக்கு அவள் சோர்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை கல்லூரி நூலகத்தில் ஏதோ புத்தகம் திருப்பிக் கொடுக்கும்போது நூலகரம்மா, "என்னம்மா, முகமே சரியில்லையே" என்று கேட்டிருக்கிறார். இவள் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் யோசிக்கக் கூட இல்லையாம். "ஏம்மா, வெள்ளைக்காரன் காலத்துல உங்க ஊரு தென்னாற்காட்டுல இருந்துச்சு. அப்புறம்தான் வட ஆற்காட்டுக்கு மாறிச்சு. தென்னாற்காடுன்னு போட்டுத் தேடு." அங்கேயே கணினியைத் திருப்பி, 1906-இல் வந்த தென்னாற்காடு கெஸட்டியரின் பேரையும் தொகுத்த பிரான்சிஸின் பேரையும் ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கூடவே, "முதல்ல இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஸ்கேன் இருக்கான்னு பாரு, இல்லைன்னா எழும்பூர் போ" என்றும் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நீல மையில் நான்கு வரி. இரண்டு சனிக்கிழமை அலைச்சல் நான்கு வரியில் முடிந்தது.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். உலகம் முழுக்க நூலகவியல் படிப்பவர்கள் அவர் பேரைப் படிக்கிறார்கள். வாசகனின் கேள்வியை நின்று கேட்டு, சரியான புத்தகத்திடம் அவனைக் கொண்டு சேர்ப்பதே நூலகரின் வேலை என்று விடாமல் சொன்னவர் அவர். அந்த நூலகரம்மா செய்தது அதைத்தான்.

பெரிய நூலகங்களில் கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கோட்டூர்புரத்திலும் எழும்பூரிலும் எங்களுக்கு அலமாரி காட்டியவர்கள் அன்பாகத்தான் காட்டினார்கள். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வந்து போகிற இடத்தில் உங்கள் முகம் வாடியிருப்பதை யார் கவனிப்பது? கல்லூரி நூலகர் உங்களை இரண்டு வருடம் தினமும் பார்க்கிறார். உங்கள் தலைப்பு அவருக்குத் தெரியும், உங்கள் ஆசிரியரைத் தெரியும், போன வருடம் அதே தலைப்பில் ஏமாந்த சீனியரையும் தெரியும்.

பிஎச்.டி. செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆய்வேடு கொடுக்கும் முன், பிறர் எழுத்தோடு அது எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகம் வழியாகத்தான் நடக்கும். 2018-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி 10 சதவீதம் வரை சிக்கல் இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. கடைசி நாளில் ஓடாமல், முதல் இரண்டு இயல் முடிந்ததுமே நூலகரிடம் பேசி, மேற்கோளை எப்படிக் காட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எதைத்தான் தேர்ந்தெடுப்பது? என் தீர்ப்பு இது. வார நாளில் கல்லூரி நூலகம், அதுவும் முதல் வாரத்திலேயே நூலகரிடம் உங்கள் பேரையும் பாடத்தையும் சொல்லி அறிமுகமாகிவிட வேண்டும். ஞாயிறு கோட்டூர்புரம், காலையில். பழைய புத்தகம் என்றால் மட்டும் எழும்பூர், குறிப்புத் தாளோடு. ஸ்டடி ஹாலுக்குப் பணம் கட்டுவதாக இருந்தால் தேர்வுக்கு முந்தைய ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். உங்கள் கல்லூரி நூலகம் நாலரைக்கே பூட்டுகிறது என்றால் நான்கு பேர் சேர்ந்து முதல்வரிடம் மனுக் கொடுங்கள். இவள் கல்லூரியில் ஆறரை ஆனது அப்படித்தான்.

அக்கா மகள் இப்போது தென்னாற்காடு கெஸட்டியரில் பாசனம் பற்றிய இயலில் இருக்கிறாள். ஸ்கேன் பக்கங்களில் ஓர் அட்டவணை மங்கலாக இருக்கிறதாம், அச்சுப் படியைப் பார்த்தே ஆக வேண்டுமாம். வரும் சனிக்கிழமை எழும்பூர். என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள்.