பெரிய எழுத்துத் தமிழ் பைபிள்: தினசரி வாசிப்புக்கு எப்படி இருக்கிறது?

டிசம்பர் பிறந்தால் கோவை, ஈரோட்டுக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் வாக்குத்தத்த அட்டைகள், அதாவது ஆறுதலான பைபிள் வசனம் அச்சிட்ட அட்டைகள், தொங்கும். எரேமியா 29:11 இல்லாத கட்டு அபூர்வம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்று இருப்பதும், ஐந்தாம் வசனத்தில் அதுவரை வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுப் பலனைச் சாப்பிடுங்கள் என்று இருப்பதும் அட்டையில் வராது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் அது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறவருக்கு உதவுவது அந்த ஐந்தாம் வசனம்தான். ஆகவே அட்டைக்குப் பதில் புத்தகத்தையே வாங்குங்கள்.

இங்கே பார்ப்பது இந்திய வேதாகமச் சங்கத்தின் பழைய மொழிபெயர்ப்பு, பெரிய எழுத்து, 66 புத்தகங்கள். கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். அதில் 73 நூல்கள். கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்துக்குப் போகிறவர் பழையதை வாங்கினால் பூசையில் வாசிக்கிற வரி கையிலிருக்கும் வரியோடு ஒட்டாது. ஈரோடு பிரப் ஆலயம் போன்ற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர் திருவிவிலியம் வாங்கினால் எதிர்ப்பக்கத் தொல்லை: சங்கீதம் அதில் திருப்பாடல், பிரசங்கி அதில் சபை உரையாளர். சபையில் எது வாசிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பழைய மொழிபெயர்ப்பின் பலமும் பலவீனமும் அதன் தமிழ்தான். பிலிப்பியர் 4:6 "ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்று ஒரே மூச்சில் ஓடும். வாய்விட்டுப் படித்தால் மனதில் தங்கும். கண்ணால் மட்டும் படிக்கிற புதியவர் தடுக்கி விழுவார். பவுலின் நிருபங்களுக்கு, அதாவது அவர் சபைகளுக்கு எழுதின கடிதங்களுக்கு, திருவிவிலியம் எளிது. நீதிமொழிகளுக்குப் பழையதே மேல், பழமொழிக்கு வேண்டிய சுருக்கம் அதில் இருக்கிறது.

வாங்கும்போது பைண்டிங்கைப் பாருங்கள். முதுகின் மேல்நுனியில் தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் நூல் தையல். வழவழவென்று ஒரே பட்டையாக இருந்தால் வெறும் பசை. பசை ஒட்டியது சங்கீதத்தில்தான் முதலில் பிளக்கும். புத்தகத்தின் நடு அது, அதிகம் திறப்பதும் அதையே. தாள் மெல்லிசு என்பதால் ஜெல் பேனா மறுபக்கம் ஊறும், பென்சில் போதும். ஜிப் உறை பார்க்க லட்சணமாக இருக்கும். பைக் பெட்டியில் தினமும் குலுங்கினால் பல் விலகும், பிறகு ஜிப்பின் ஓரமே தாளைக் கிழிக்கும். பெரிய எழுத்து கனமானது, மேசையில் வைத்துப் படிப்பவருக்கே ஏற்றது. பனியன் கம்பெனி ஷிப்டுக்குக் கொண்டு போகிறவர் நடுத்தர அளவை எடுக்கலாம்.

வாசிப்பு முறைக்கு வருவோம். ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் லேவியராகமத்துப் பலிச் சட்டங்களில் நின்றுவிடுகிறார்கள். முழுதும் முடிக்க வேண்டுமானால் 1,189 அதிகாரம்: திங்கள் முதல் சனி வரை தினம் 3, ஞாயிறு 5 என்றால் 52 வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் வாழ்க்கைக்கு வழி தேடுகிறவருக்கு நீதிமொழிகளே போதுமான தொடக்கம். 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. 1 முதல் 9 வரை தகப்பன் மகனுக்குச் சொல்வது போன்ற நீண்ட பேச்சு, முழுதாகப் படியுங்கள். 10இலிருந்து 22இன் நடுவரை ஒவ்வொரு வசனமும் தனித்தனி. கடகடவென்று படித்தால் ஒன்றும் ஒட்டாது. மூன்று தடவை படித்து ஒரே வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் 29, 30, 31 விட்டுப்போகும். 28ஆம் தேதி சேர்த்துப் படிக்கலாம்.

ஆறாம் அதிகாரம் வரும் ஆறாம் தேதி நம்மூர்க்காரர் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய நாள். "அந்நியனுக்குக் கையடித்துக்கொடுத்தாயானால்" என்று வருகிறது. மாட்டுச்சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுகிறவருக்கு விளக்கவுரை வேண்டாம். கை பட்டால் பேச்சு முடிந்தது. லாரி பைனான்ஸுக்கும் சீட்டுக்கும் சிநேகிதனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது: கௌரவம் பாராமல் போய்க் கெஞ்சு, கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வேடன் கையிலிருந்து மான் தப்புவதுபோல் தப்பு. சமாதானம் என்றால் கண்ணை மூடி உட்காருவது என்று நினைத்து வாங்கியவருக்கு இது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கல் 26ஆம் அதிகாரத்தில். நான்காம் வசனம் மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது, ஐந்தாவது கொடு என்கிறது. அச்சுப்பிழை அல்ல. முன்னதில் நீயும் அவனைப்போல் ஆகிவிடுவாய் என்ற பயம், பின்னதில் அவன் தன்னை ஞானி என்று நினைத்துக்கொள்வான் என்ற பயம். எந்த நேரத்தில் எது என்று பார்ப்பது உங்கள் வேலை. கண்ணை மூடிப் பக்கம் திறந்து விரல் வைத்த வசனத்தைத் தீர்ப்பாக எடுக்கிறவர்களுக்கு விரல் எதில் படுகிறதோ அதுதான் பதில், பக்கத்து வசனம் கண்ணில் படவே படாது.

ஒத்துவாக்கியக் குறிப்புள்ள பதிப்பு, அதாவது ஒரு வசனத்தோடு ஒத்த மற்ற வசனங்கள் எங்கே என்று காட்டுவது, கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் குறிப்பெழுத்து பொடி. கடையிலேயே கண்ணாடி போட்டு ஒரு பக்கம் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.